மார்னரும் போயிட்டான், பிள்ளை

குஞ்சு,

சுகமா இருக்கிறியோ. நாங்கள் எல்லாரும் சுகம். எங்கட ரொறன்ரோ ஐஸ் ஹொக்கி ரீம் லீஃப்ஸில விளையாடின மார்னர் வேகாஸ் ரீமுக்கு போனது உனக்கு தெரிஞ்சிருக்கும், எட்டு வருஷமாம், வருஷத்துக்கு 12 மில்லியன் டொலராம், இஞ்ச பக்கத்தில மார்க்கம் ஊரில பிறந்த பெடியன், லீஃப்ஸ் ஜேர்சி போட்டு வளந்த பெடியன், நல்லா வாழட்டும் எண்டுதான் நான் சொன்னனான், ஆனா தம்பி சுவரில இருந்த போஸ்டரை கழட்டிப்போட்டான். அண்டைக்கு நீ போன் எடுப்பாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். 2025 மே மாசம் பிளேஓஃப் எண்ட நொக்கவுட் சுற்றில, ஏழு கேம் சீரிஸின்ர கடைசி கேம், ஏழாவது, புளோரிடாவிட்ட 6-1 எண்டு நாறின அண்டும் பாத்தனான். முதல் ரெண்டு கேமையும் வெண்டுபோட்டு, ஆறாவதை அங்க போய் 2-0 எண்டு வெண்டுபோட்டு, வீட்டுக்கு வந்து சொந்த சனத்துக்கு முன்னால அப்பிடி ஒரு ஆட்டம். முந்தி எல்லாம் தோத்து அஞ்சு நிமிசத்தில உன்ர போன் வரும், "அடுத்த வருஷம் அப்பா" எண்டுவாய். இந்தமுறை ஒரு மெசேஜ் கூட இல்லை. கொம்மா சொல்லுறா பிள்ளைக்கு வேலை எண்டு. வேலையாத்தான் இருக்கும். நேரத்துக்கு சாப்பிடு. 401 பெருந்தெருவில இரவில கார் ஓடாத, ரயில் இருக்குதானே.

நான் இதை ஏன் எழுதுறன் எண்டால், ஏப்ரல்ல மொன்றியல் வொஷிங்டனை 6-3 எண்டு அடிச்ச அண்டு மொன்றியல் அரங்கு பெல் சென்டருக்கு வெளியில நீ நிக்கிற படம் ஒண்டை தம்பி காட்டினவன். அடுத்தநாள் திருப்பி காட்டடா எண்டு கேட்டால் படத்தை காணேல்லை. நீ ஏன் அதை அழிச்சனி எண்டு எனக்கு விளங்கேல்லை, நான் ஒண்டும் சொல்லியிருக்க மாட்டன். மொன்றியல் ரீமின்ர சிவப்பு ஜேர்சி. நெஞ்சில கப்டன்ர சி, கையில 14, அவையின்ர கப்டன் சுசுகின்ர. நல்ல விளையாட்டுக்காரன், அதுவும் லண்டன் ஒன்டாரியோ பெடியன், எங்கட பக்கத்தவன்தான், அதில எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனா அந்த ஜேர்சின்ர கை உன்ர விரலையும் மூடிக்கொண்டு தொங்குது, கீழ்ப்பக்கம் முழங்கால் வரைக்கும் நிக்குது. உன்ர சைஸ் ஸ்மோல். நான் வாங்கித் தந்த லீஃப்ஸ் நீலமும் ஸ்மோல்தான். மொன்றியல் கடையில ஸ்மோல் இல்லாமலோ இருக்கும். சரி அதை விடுவம்.

லீஃப்ஸ் கடைசியா ஸ்ரான்லி கப் எடுத்தது 1967ல, அதுவும் மொன்றியலை அடிச்சு. அப்ப எனக்கு ஐஸ் எண்டால் ஐஸ்பழம் மட்டும்தான் தெரியும். நான் இஞ்ச ரொறன்ரோ வந்து வெல்ஸ்லி அபார்ட்மென்டில பெடியளோட இருந்த காலத்தில 93 பிளேஓஃப், லொஸ் ஏஞ்சலிஸோட. விளையாட்டு ஒண்டும் விளங்காது, ஆனா எங்கட கில்மர்ர நாடியில அவையின்ர கிரெட்ஸ்கின்ர ஸ்ரிக் பட்டு ரத்தம் வந்ததும் ரெஃபரி பெனல்ரி குடுக்காமல் விட்டதும் எனக்கே விளங்கினது. பிறகு அந்த கிரெட்ஸ்கிதான் ஓவர்டைம் கோலும் அடிச்சது, ஏழாவது கேமில மூண்டு கோலும் அடிச்சது. அந்த ஏழாவதை வெண்டிருந்தால் ஃபைனல் எங்களுக்கும் மொன்றியலுக்கும்தான். மொன்றியல் போய் லொஸ் ஏஞ்சலிஸை அடிச்சு கப்பை தூக்கினவை, அவைக்கு அது 24வது. அதுக்கு பிறகு ஒரு கனடா ரீமும் தூக்கேல்லை. அண்டைக்கு பெடியளில ஒருத்தன் சாப்பிடாமலே படுத்தவன், இத்தினைக்கும் அவன் ஊரில இருந்து வந்து ஒரு வருஷம் கூட ஆகேல்லை. அண்டையில இருந்து நான் இந்த ரீம்தான். ஏன் எண்டு கேட்டால் சொல்லத் தெரியாது, வந்திறங்கின இடம் இது, அவ்வளவுதான்.

உன்னையும் நான்தான் பழக்கினனான். 2013 பொஸ்டன் ஏழாவது கேம், மூண்டாவது பீரியட்ல 4-1 எண்டு நாங்கள் முன்னுக்கு நிக்க, நாளைக்கு பள்ளிக்கூடம், வெண்டாச்சு போய் படு எண்டு உன்னை மேல அனுப்பிப்போட்டு, மாமாவுக்கு போன் எடுத்து பெரிசா அளந்துகொண்டு நிண்டனான். பொஸ்டன் ஒண்டை திருப்பி அடிச்சு, பிறகு கடைசி ஒண்டரை நிமிசத்துக்குள்ள ரெண்டு கோல். அவையின்ர பேர்ஜெரோன் சமப்படுத்தி, ஓவர்டைம்லயும் அவனே. போனை வைச்சுப்போட்டு திரும்பினால் நீ படிக்கட்டில இருக்கிறாய், படுக்கவே இல்லை, கம்பிக்குள்ளால எல்லாத்தையும் பாத்திருக்கிறாய். அழேல்லை. "ஏன் அப்பா எல்லாரும் பின்னுக்கு நிண்டவை" எண்டு கேட்டனி. ரீவியில இருந்து கதைச்ச ஒருத்தருக்கும் வராத கேள்வி அது. கோயில்ல ஆரும் ஹொக்கி கதைச்சால் நான் இப்பவும் இதைத்தான் சொல்லுறனான், என்ர பிள்ளைக்கு அப்பவே விளையாட்டு விளங்கும் எண்டு.

அதே பிள்ளை 2021ல மொன்றியலிட்ட 3-1 எண்டு முன்னுக்கு நிண்ட சீரிஸை நாங்கள் குடுக்கேக்க, கொரோனா எண்டு வீட்டுக்குள்ள அடைஞ்சு இருந்த நேரம், மூண்டு நாள் என்னோடயும் கதைக்கேல்லை. மொன்றியல்காரன்ர முகத்திலயும் முழிக்க மாட்டன் எண்டு சொன்னது ஆர்? நான் இல்லை. பிறகு வேலை கிடைச்சு அங்கயே போனாய். நான் சும்மா ஞாபகப்படுத்திறன்.

கோவிக்காத. நீ அங்க தனிய போய், பிரெஞ்சில வேலை செய்து, வீட்டு வாடகையும் கட்டி, எங்களுக்கும் அனுப்புறாய். எங்கட குடும்பத்தில ஆர் அப்பிடி நிண்டது? அதில எனக்கு எவ்வளவு பெருமை எண்டு கொம்மாவிட்ட கேள். ஆனா ஒரு மனுசர் ஒரு பக்கம் நிக்கிறது எண்டால் சும்மா இல்லை. இஞ்ச ரிக்கற் எடுக்க காசு காணாத சனம் ஒட்டாவாவுக்கு கார் ஓடிப்போய் அங்கத்தை அரங்கை நீலமாக்கிப்போட்டு இரவோட இரவா திரும்பி வருது, அடுத்தநாள் வேலைக்கும் போகுது. ஒட்டாவாக்காரருக்கு சொந்த வீட்டிலயே தங்கட சத்தம் கேக்காது, பாவம். அதை சொல்லேக்க, நீயும் அப்பிடி இரவில ஓடாத, 401ல லொறிக்காரர் நித்திரையோட வாறவை, ரயிலில வா.

எங்கட ரீமில இருக்கிற தவாரிஸை பாரன். நியூயோர்க் ஐலண்டர்ஸ் ரீமில ஒன்பது வருஷம் விளையாடிப்போட்டு 2018ல வீட்டுக்கு வந்தவன், சின்னனில லீஃப்ஸ் பெட்ஷீட்டில படுத்திருந்த படத்தையும் போட்டு. திரும்ப அங்க விளையாடப் போனநேரம் அந்த சனம் அவன்ர ஜேர்சியை ஐஸில எறிஞ்சவை. பிழைதான், ஆனா அவையின்ர நோவும் நோவுதானே. போறவைக்கு ஒரு ஊர்தான் மாறுது. இருக்கிறவைக்கு... சரி விடு.

அப்பிடி எண்டு மற்றப்பக்கம் எல்லாம் கெட்ட சனம் எண்டு நான் சொல்லேல்லை. இதை வடிவா வாசி. நான் யாழ்ப்பாணம் சென்ட்ரல் கொலிஜ், உன்ர அம்மப்பா சென்ட் ஜோன்ஸ் கொலிஜ். 1904ல இருந்து நடக்கிற கிரிக்கெட் சண்டை அது, மார்ச் மாசம் வந்தால் யாழ்ப்பாணமே ரெண்டா பிரியும், பப்பரே பாண்ட் அடிச்சுக்கொண்டு லொறியில போற பெடியளில நானும் ஒருத்தன், உன்ர அம்மப்பான்ர வீட்டு கேற்றுக்கு முன்னால நிண்டு வேணுமெண்டு கூடுதலா அடிச்சனாங்கள். பேந்து அதே கேற்றுக்குள்ளால மாப்பிள்ளையா போனனான். முதல்நாள் அந்த மனுசன் கேட்டது சாதகமும் இல்லை, சம்பளமும் இல்லை, "தம்பி பெரிய மச்சுக்கு எங்க இருந்து பாப்பீர்?" எண்டுதான். எங்கட பக்கம்தான் மாமா எண்டு சொன்னனான். சிரிச்சுப்போட்டு தேத்தண்ணி போடச் சொன்னார். மாத்தி சொல்லியிருந்தால் பொம்பிளை தந்திருக்க மாட்டன் எண்டு பிறகு கொம்மாவிட்ட சொன்னவராம். கடைசி வரைக்கும் மச் நடக்கிற நாளில நாங்கள் ரெண்டுபேரும் கதைக்கிறேல்லை, முடிஞ்ச அடுத்தநாள் ஒண்டா இருந்து சாப்பிடுவம்.

அதால மொன்றியல் எண்டால் எனக்கு பிரச்சினை இல்லை. பழைய ரீம், மரியாதையான ரீம், சனமும் விளையாட்டு தெரிஞ்ச சனம். ஒட்டாவா எண்டாலும் சமாளிக்கலாம். பொஸ்டன் மட்டும் வேண்டாம். 2013, 2018, 2019, 2024, நாலுதரமும் ஏழாவது கேமில எங்களை அடிச்சவை, பொஸ்டன் எண்டால் இந்த வீட்டு கதவு திறக்காது, இப்பவே சொல்லிப்போட்டன்.

பெரியம்மாவுக்கு கண் ஒப்பரேசன் நல்லபடியா முடிஞ்சுது. தம்பிக்கு இன்னும் வேலை சரிவரேல்லை. நீ சாப்பிடுறியோ, படத்தில மெலிஞ்ச மாதிரி கிடந்தது, இல்லாட்டி ஜேர்சி பெரிசா இருந்ததால அப்பிடி தெரிஞ்சுதோ தெரியாது.

ஸ்கெடியூல் வந்திட்டுது பாத்தியோ. அக்டோபர் 8 எங்கட முதல் கேமே மொன்றியலோட, ரொறன்ரோவில. ரிக்கற் நான் எடுக்கிறன். கொம்மா வர மாட்டா, அங்க குளிர் எண்டுவா. தம்பி மார்னர் போனதில இருந்து பாக்க மாட்டன் எண்டு நிக்கிறான். அப்ப ரெண்டு எடுக்கட்டோ மூண்டு எடுக்கட்டோ எண்டு மட்டும் சொல்லு, வேற ஒண்டும் சொல்ல வேண்டாம். கெதியா சொல்லு, பிந்தினால் பக்கத்து பக்கத்து சீற் கிடைக்காது.

அப்பா