டவுன்லைட் பதிக்கும் முன்

அன்புள்ள குமரா,

கடிதம் கிடைத்தது. கூடத்தில் தொங்கும் ஒற்றை விளக்கை எடுத்துவிட்டு, ஃபால்ஸ் சீலிங்கில் எட்டு எல்இடி டவுன்லைட் பதிக்கப் போவதாகவும், ஒயரிங்கையும் நீயே செய்யப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். செய்யலாம்தான். ஆனால் நீ கேட்டதெல்லாம் புது விளக்குகளைப் பற்றி. ஆபத்து இருப்பது பழைய விளக்குக்கு மேலே, ஒயர்கள் வந்து சேரும் ஜங்ஷன் பாக்ஸில்.

சில நாடுகளில் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் மட்டுமே வீட்டு ஒயரிங்கைத் தொடலாம். உன் இடத்தில் விதி அப்படியிருந்தால் துளை போடுவதோடு நிறுத்திக்கொள்.

லோடு பற்றிக் கவலை வேண்டாம். 9 வாட் விளக்கு எட்டு என்றால் 72 வாட். 230 வோல்ட்டில், பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்னோட்டம் எவ்வளவு பயன்படுகிறது என்ற அளவு) மோசமாக இருந்தாலும் 1 ஆம்பியரைத் தொடாது. 1.5 சதுர மி.மீ. காப்பர் ஒயரே தாராளம். சீலிங்குக்குள் சூடாகித் தீப்பிடிப்பதற்கு பெரும்பாலும் காரணம் லோடு அல்ல, தளர்ந்த ஜாயின்ட்.

சுவிட்சை அணைத்துவிட்டு ஏணியில் ஏறாதே. சுவிட்சைத் தவறாக நியூட்ரலில் (மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர்) போட்டிருந்தால், அணைத்த பிறகும் விளக்கு முனையில் பேஸ் (மின்சாரம் வரும் ஒயர்) நிற்கும். எம்சிபியை, அதாவது போர்டில் அந்த லைனுக்கான பிரேக்கர் சுவிட்சை, இறக்கு. பாக்ஸைத் திறந்து ஒயர்களைப் பிரிக்கும் வரை மெயினையே இறக்கிவிடுவது இன்னும் நல்லது. காரணம் இது: வேறு அறையின் நியூட்ரலை யாராவது இந்த பாக்ஸ் வழியாகக் கொண்டுபோயிருக்கலாம். உன் எம்சிபி இறங்கியிருந்தும், அந்த நியூட்ரலைப் பிரித்த நொடியில் அந்த அறையில் எரியும் விளக்கு வழியாகப் பேஸ் வந்து பிரிந்த முனையில் நிற்கும். நியூட்ரல்தானே என்று தொடுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

நியான் டெஸ்டரை நம்பாதே. உள்ளே இருக்கும் குட்டி பல்பு செத்திருந்தால் மின்சாரம் இருந்தாலும் இல்லை என்றே காட்டும். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, முதலில் மின்சாரம் உள்ள ஒரு சாக்கெட்டில் பார். பிறகு மெயினை இறக்கி, பாக்ஸில் பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் பார். பிறகு மெயினை ஏற்றி, அதே சாக்கெட்டில் மீட்டரை மறுபடி சரிபார்த்துவிட்டு, மெயினைத் திரும்ப இறக்கி வேலையைத் தொடங்கு. அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் மீட்டர் நடுவில் கெட்டுப்போனதை வேறு எப்படித் தெரிந்துகொள்வாய்?

ஒயரின் நிறத்தை வைத்து முடிவெடுக்காதே. பல வீடுகளில் பேஸ் நேரே சீலிங்குக்கு வந்து, அங்கிருந்து சுவிட்சுக்கு இறங்கித் திரும்ப ஏறும். ஏறிவரும் அந்த ஒயர் நியூட்ரல் நிறத்திலேயே இருக்கக்கூடும். அதை மற்ற நியூட்ரல்களோடு சேர்த்துவிட்டால், சுவிட்சைப் போட்டதும் நேர் ஷார்ட். எதையும் கழற்றுவதற்கு முன் போட்டோ எடுத்து, ஒவ்வொரு ஒயரிலும் டேப் ஒட்டி எழுதிவை. கழற்றிய பிறகு, மெயின் இறங்கிய நிலையிலேயே, மீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் 'பீப்' ஒலிக்கும் நிலை) வைத்துச் சுவிட்சைப் போட்டு அணை. எந்த இரண்டு ஒயருக்கு நடுவில் 'பீப்' சுவிட்சோடு சேர்ந்து வந்து போகிறதோ, அவைதான் சுவிட்ச் ஜோடி.

விளக்குகள் எல்லாம் பேரலல். சுவிட்சிலிருந்து வரும் பேஸ் முதல் விளக்கின் பேஸுக்கு, அங்கிருந்து அடுத்ததன் பேஸுக்கு. நியூட்ரலும் எர்த்தும் அப்படியே. முறுக்கி டேப் சுற்றும் வேலை வேண்டாமப்பா, டேப்பின் பசை காய்ந்து கழன்றுவிடும். லீவர் கனெக்டர் போடு, அதன் சிறு நெம்பை மூடினால் ஒயரைப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு நீளம் தோல் உரிக்க வேண்டும் என்று கனெக்டரிலேயே இருக்கும், பெரும்பாலும் 10, 11 மி.மீ. பூட்டியதும் ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார். ஜாயின்ட்டுகளை மூடியுள்ள பெட்டிக்குள், பின்னால் திறக்க முடிகிற இடத்தில் வை.

டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சிறு பெட்டி) தனியாக வரும் விளக்கென்றால், மெயின் ஒயர் டிரைவருக்கு மட்டும். விளக்கில் நேரே கொடுத்தால் அந்த இடத்திலேயே போய்விடும். டிரைவரை ஆன் செய்துவிட்டு விளக்கைச் செருகுவதும் தப்பு. லோடு இல்லாத டிரைவரில் வோல்ட் ஏறி நிற்கும், செருகியதும் எல்இடி கருகிவிடலாம்.

துளை அளவு விளக்கின் வெளிவட்டம் அல்ல, பெட்டியில் எழுதியிருக்கும் கட்-அவுட். வெளிவட்டம் 85 மி.மீ. இருந்தால் கட்-அவுட் 75 போல இருக்கும். ஹோல் சாவில் (வட்டத் துளை போடும் ரம்பம்) 5 மி.மீ. கூடினாலே ஸ்பிரிங் கிளிப்புக்குப் பிடி குறையும். முதலில் சிறு துளை போட்டு, வளைத்த கம்பியை உள்ளே விட்டுச் சுற்றிப் பார். சட்டமோ குழாயோ தட்டினால் இடத்தை மாற்று. இடைவெளிக்கு சீலிங் உயரத்தில் பாதி என்று எடுத்துக்கொள்: 2.7 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1.35 மீட்டர், சுவரிலிருந்து அதில் பாதி. மேலே கண்ணாடிப் பஞ்சு விரித்திருந்தால், அதன் அடியில் வைக்கத் தகுந்தது என்று குறிப்பிட்ட விளக்கே வாங்கு. மற்றவை சூட்டில் சீக்கிரம் சாகும். குளியலறைக்கு நீட்டுவதாக இருந்தால் ஐபி எண்ணைப் (தூசியும் தண்ணீரும் புகாமல் தடுக்கும் அளவு) பார், ஷவருக்கு மேலே ஐபி65 வை.

அணைத்த பிறகும் விளக்குகள் மங்கலாக மினுக்கினால் பயப்படாதே. இண்டிகேட்டர் உள்ள சுவிட்ச் கசியவிடும் சிறு மின்னோட்டமோ, பக்கத்து ஒயரின் தூண்டலோ காரணமாக இருக்கலாம். ஆனால் முதலில் சுவிட்ச் நியூட்ரலில் இல்லையே என்று பார்த்துவிடு. டிம்மர் வைப்பதானால் விளக்கும் டிம்மபிள் என்று போட்டதாக இருக்க வேண்டும். பழைய பல்புக்கான டிம்மரில் எல்இடி துடிக்கலாம்.

பாக்ஸைத் திறந்ததும் எர்த் ஒயர் வந்திருக்கிறதா, ஒயர் காப்பரா அலுமினியமா என்று பார்த்து எழுது. அலுமினியமாக இருந்தால் சாதாரண கனெக்டர் கூடாது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான். அது தெரியும் வரை விளக்கு வாங்காதே. எர்த் இல்லையென்றால், எர்த் தேவையில்லை என்பதைக் காட்டும், சதுரத்துக்குள் சதுரக் குறி போட்ட விளக்கைத்தான் தேட வேண்டியிருக்கும்.

அன்புடன்,
செல்வம்