மாமியின் காஸ் பில்லும் மாறப் பயப்படும் எங்கள் சனமும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையைப் பல வருடமாக வாசிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. லண்டன் ஹாரோவில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன். கணக்கு வழக்கில் பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் காஸ், கரண்ட் பில்லைப் பற்றியும் கொம்பனி மாற்றுவதைப் பற்றியும் இந்த இரண்டு மாதத்தில் என் கண்ணால் கண்டதை எங்கள் சனத்துக்குச் சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு மாமி இருக்கிறார். எழுபத்திநாலு வயது. போன வருடம் மாமா காலமானார். அதற்கு இரண்டு மாதம் முந்தித்தான் மகனும் கலியாணம் கட்டி வேறு ஊருக்குப் போயிருந்தார். மூன்று அறை வீட்டில் இப்போது மாமி மட்டும். ஒக்டோபர் தொடக்கத்தில் ஒரு பின்னேரம் தேங்காய் கொடுக்கப் போனேன். வீட்டுக்குள்ளே குளிர். மாமி கம்பளிக்கு மேல் சாரத்தைப் போர்த்துக்கொண்டு அடுப்படியில் இருந்தார். ஹீற்றிங் போடவில்லையோ என்று கேட்டேன். "மாதம் 168 பவுண்ஸ் போகுது பிள்ளை. பென்சன் காசில அது போனா மிச்சம் என்ன?" என்றார்.

தனி ஆளுக்கு 168 என்பது எனக்குப் பொருந்தவில்லை. எங்கள் வீட்டில் நாலு பேர், நாங்களே அவ்வளவு கட்டுவதில்லை. காஸ், கரண்ட் பில்லைக் காட்டச் சொன்னேன். அலுமாரிக்குள் இருந்து ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். ஒரு வருடத்துக் கடிதங்கள், முக்கால்வாசி உடைக்கவே இல்லை. எல்லாவற்றிலும் மாமாவின் பெயர்.

ஏன் கொம்பனிக்குச் சொல்லவில்லை என்று கேட்டதற்கு மாமி சொன்ன பதிலை இன்னும் மறக்க முடியவில்லை. மாமா போன கொஞ்ச நாளில் தனக்குத் தெரிந்த இங்கிலிசில் ஒரு தடவை போன் எடுத்துக் கதைத்திருக்கிறார். கணக்குக்காரரோடு மட்டும்தான் கதைப்போம், அவரைக் கூப்பிடுங்கள் என்று எதிர்ப்பக்கம் சொல்லியிருக்கிறார்கள். அவர் இல்லை என்றாராம் மாமி. எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டார்களாம். மாமி போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

கொம்பனியின் பெயரை எழுத விருப்பமில்லை. அது எந்தக் கொம்பனியிலும் நடந்திருக்கும். கணவர்மாரின் பெயரில் கணக்கை வைத்துவிட்டு, அவர்கள் போன பிறகு கடிதங்களைத் தொடப் பயப்படும் அம்மாமார் எங்களுக்குள் எத்தனை பேர் என்று நினைக்கத்தான் எனக்கு அந்தரமாக இருக்கிறது.

முதலில் பில்லைப் பார்த்தேன். மீற்றர் இலக்கத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொரு மாதமும் 'மதிப்பீடு' என்று போட்டிருந்தது. அதாவது ஒருவரும் மீற்றரைப் பார்க்கவில்லை. மூன்று பேர் இருந்த காலத்துக் கணக்கை வைத்தே இந்த வீடு இவ்வளவு எரித்திருக்கும் என்று கொம்பனி எழுதிக்கொண்டு வந்திருக்கிறது.

மீற்றர் படிக்குக் கீழே உள்ள அடைப்புக்குள் இருந்தது. அரிசி மூட்டையையும் மாமாவின் தோட்டச் சப்பாத்தையும் விலக்கி, ரோச் லைற் அடித்துப் பார்த்தோம். காஸ் மீற்றரில் கறுப்பில் ஐந்து இலக்கம், அதற்குப் பின்னால் சிவப்பில் மூன்று. கறுப்பை மட்டும்தான் எழுத வேண்டும், சிவப்பை விடவேண்டும். பில்லில் 7412. மீற்றரில் 06918. மாமியைக் கொண்டே அதை வாசிப்பித்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு தரம் வாசித்தார். 494 கன மீற்றர், எரிக்காத காஸ். ஒரு கன மீற்றர் காஸ் என்பது ஏறக்குறைய 11 யூனிட் (கிலோவாட் மணி). கரண்டிலும் 1,100 யூனிட் கூடப் போட்டிருந்தார்கள்.

போனில் படம் எடுத்து அனுப்பினோம். மாமாவின் இறப்பை அறிவித்து, கணக்கை மாமியின் பெயருக்கு மாற்றச் சொன்னோம். இரண்டாவது தடவை எடுத்தபோது கதைத்த பிள்ளை பொறுமையானவள். மாமிக்கு ஆறுதலும் சொன்னாள், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்றும் கேட்டாள். கணக்கைத் திருத்தியதும் மாமியின் பக்கத்தில் 638 பவுண்ஸ் வரவு நின்றது. தன் காசு கொம்பனியிடம் கிடக்க, குளிருக்குள் இருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் கொம்பனி மாற்றும் கதையை எடுத்தேன். மாமி ஒரேயடியாக மறுத்தார். "உந்த வில்லங்கம் எனக்கு வேண்டாம். மாத்திற நேரம் லைனை வெட்டிப்போட்டு விட்டாங்கள் எண்டால் நான் என்ன செய்யிறது?"

இந்தக் கேள்வியை நான் கோயிலிலும் கேட்டிருக்கிறேன், தமிழ்ப் பள்ளி வாசலிலும் கேட்டிருக்கிறேன். ஊரில் எங்களுக்கு மின்சார சபை ஒன்றுதான். கரண்ட் என்றால் அது அரசாங்கம், அதோடு ஏன் தகராறு என்று வளர்ந்தவர்கள் நாங்கள். யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளில் வருடக்கணக்காகக் கரண்டே இல்லாமல், ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிப்பித்தவர்களுக்கு எரிகிற லைற்றைச் சீண்டப் பயம் வருவது நியாயம். நானும் அந்த விளக்கில்தான் ஓ/எல் படித்தேன்.

ஆனால் இந்த நாட்டில் விசயம் வேறு. வீட்டுக்கு வருகிற வயரும் காஸ் குழாயும் பில் அனுப்புகிற கொம்பனியுடையவை அல்ல. அவற்றைப் பராமரிக்கிறவர்கள் வேறு ஆட்கள். நாங்கள் மாற்றுவது யாருக்குக் காசு கட்டுகிறோம் என்பதை மட்டும்தான். வீட்டுக்கு ஆள் வருவதில்லை, தோண்டுவதில்லை, ஒரு நிமிடம்கூட லைற் அணைவதில்லை. புதிய கொம்பனியோடு ஒப்பந்தம் செய்தால் பழையதுக்கு அவர்களே அறிவிப்பார்கள். ஐந்து வேலைநாளில் மாறிவிடும். மனம் மாறினால் 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். பழைய கொம்பனி ஆறு கிழமைக்குள் கடைசிப் பில்லை அனுப்பி, எங்கள் காசு மிச்சம் இருந்தால் அடுத்த பத்து வேலைநாளுக்குள் திருப்பித் தரவேண்டும்.

2021இல் பட்டதைச் சொல்லி மறுக்கிறவர்களும் இருக்கிறார்கள். நானே பட்டேன். மலிவு என்று ஒரு சின்னக் கொம்பனிக்கு மாறி எட்டு மாதத்தில் அது விழுந்தது. அந்தக் காலத்தில் மொத்தச் சந்தையில் காஸ் விலை ஏறி முப்பதுக்குக் கிட்டக் கொம்பனிகள் மூடின. ஆனால் எங்கள் வீட்டில் லைற் எரிந்துகொண்டுதான் இருந்தது. இந்தக் கொம்பனிகளைக் கண்காணிக்கிற அரச அமைப்பான ஒஃப்ஜெம் எங்களை வேறு கொம்பனிக்கு மாற்றிவிட்டது. என் கணக்கில் கிடந்த 92 பவுண்ஸும் கூடவே வந்து சேர்ந்தது. பிறகு விலை ஏறியது உண்மை, அது மாறாமல் இருந்தவர்களுக்கும் ஏறியது.

இன்னொரு பிழையான எண்ணத்தையும் சொல்ல வேண்டும். 2025 கடைசியில் டிவியில், ஒஃப்ஜெம் வைக்கிற 'விலை உச்சவரம்பு 1,755 பவுண்ஸ்' என்றார்கள். 2026 ஜனவரியில் அது 1,758 ஆனது. இதைக் கேட்டுவிட்டு, எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் பில் வராது என்று நினைத்து ஹீற்றிங்கை முழு நாளும் விடுகிற ஒரு குடும்பம் எனக்குத் தெரியும். அந்தத் தொகை வருடத்துக்கு 2,700 யூனிட் கரண்டும் 11,500 யூனிட் காஸும் பாவிக்கிற ஒரு நடுத்தர வீட்டுக்கான கணக்கு. வரம்பு இருப்பது ஒரு யூனிட்டின் விலைக்கும், பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் நாளுக்கு நாள் ஏறுகிற ஸ்ராண்டிங் சார்ஜுக்கும். 2025 டிசம்பர் முடியும் வரை, நாட்டுச் சராசரிக்குக் கரண்ட் யூனிட் 26.35 பென்ஸ், காஸ் 6.29 பென்ஸ் என்று இருந்தது. உங்கள் பில்லில் உள்ள இந்த இரண்டு இலக்கத்தையும் தேடிப் பிடித்து அடிக்கோடு போடுங்கள். மற்ற எழுத்தெல்லாம் பிறகு.

மாமிக்கு ஒஃப்ஜெம் அங்கீகரித்த ஒப்பீட்டுத் தளம் ஒன்றில் பார்த்தோம். அஞ்சல் குறியீடும் வருட யூனிட்டும் போதும். வங்கி விவரம் அந்த இடத்தில் தேவையே இல்லை. ஒரு வருடத்துக்கு விலை மாறாத ஒப்பந்தம் ஒன்று கிடைத்தது: கரண்ட் யூனிட் 24.1 பென்ஸ், காஸ் 5.6 பென்ஸ். மாமி வருடத்துக்குப் பாவிப்பது 2,000 யூனிட் கரண்டும் 9,000 யூனிட் காஸும். பழைய விலையோடு பார்த்தால் வருடத்துக்கு 107 பவுண்ஸ் குறைவு. உண்மையைச் சொல்ல வேண்டும், அது பெரிய காசு இல்லை. 2019, 2020இல் மாறினவர்கள் மிச்சம் பிடித்தது போல இப்போது கிடையாது. பெரிய காசு வந்தது மீற்றரைப் பார்த்ததால். ஆனால் மாறவேண்டும் என்று வெளிக்கிட்டிருக்காவிட்டால் நாங்கள் மீற்றரையே பார்த்திருக்க மாட்டோம். இப்போது மாமி கட்டுவது மாதம் 109.

விலை நிலையான ஒப்பந்தத்தில் இடையில் விலகினால் அபராதம் இருக்கலாம், அதைக் கேட்டுப் பாருங்கள். முடிவதற்கு முந்திய 49 நாளுக்குள் விலகினால் அபராதம் எடுக்கக் கூடாது. அந்தத் திகதியைக் கலண்டரில் குறியுங்கள், இல்லாவிட்டால் ஒப்பந்தம் முடிந்ததும் கூடின விலைக்குள் தள்ளிவிடலாம். வாசலில் வந்து பில்லைக் காட்டச் சொல்லுகிறவர்களிடம் பில்லையும் கொடுக்க வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம்.

கீயில் காசு போடுகிற பிரீபே மீற்றர்க்காரர் கடன் இருந்தால் மாற முடியாது என்று இருந்துவிடுகிறார்கள். கரண்டுக்கும் காஸுக்கும் தனித்தனியே 500 பவுண்ஸ் வரை கடன் இருந்தாலும், அந்தக் கடனோடு புதிய கொம்பனிக்கு மாறக் கேட்கலாம். வாடகை வீட்டில் இருந்தாலும், பில் உங்கள் பெயரில் வந்தால் மாற்றுகிற உரிமை உங்களுடையது. கொம்பனியோடு முறைப்பாடு செய்து எட்டுக் கிழமையாகியும் தீராவிட்டால், முறைப்பாடுகளை நடுநிலையாகத் தீர்க்கிற எனர்ஜி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், அதற்குக் காசு இல்லை. பென்சன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியோருக்கான அரச உதவி) போன்ற உதவி எடுக்கிறவர்களுக்கு மாரிக்கு, பில்லில் 150 பவுண்ஸ் குறைக்கிற வாம் ஹோம் கழிவும் இருக்கிறது.

எனக்குக் கோபம் வருவது ஒன்றில்தான். நம்பி ஒரே இடத்தில் இருந்தவர்களிடம் கூட எடுத்து, இங்கிலிசும் இன்டர்நெட்டும் தெரிந்தவர்களுக்குக் குறைத்துக் கொடுத்தே இந்தச் சந்தை பல காலம் நடந்தது. 2016இல் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையமே வீட்டுக்காரர்கள் வருடத்துக்கு 140 கோடி பவுண்ஸ் கூடக் கட்டிவந்ததாகக் கண்டது. அதற்குப் பிறகுதான் 2018இல் சட்டம் வந்து, 2019 ஜனவரியில் உச்சவரம்பு வந்தது. அந்தக் காசில் எங்கள் அம்மா அப்பாமாரின் காசும் இருக்கிறது. வந்த நாளில் எந்தக் கொம்பனி பில் அனுப்பியதோ, அதே கொம்பனிக்கு இருபது வருடம் ஒரு நாள் பிந்தாமல் கட்டியவர்கள் அவர்கள்.

ஆகவே ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். உச்சவரம்பு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாறுகிறது: ஜனவரி, ஏப்ரல், யூலை, ஒக்டோபர். அப்போதெல்லாம் தங்க விலை போடுகிற பெட்டிக்குக் கீழே, கரண்ட் யூனிட் இவ்வளவு, காஸ் யூனிட் இவ்வளவு, ஸ்ராண்டிங் சார்ஜ் இவ்வளவு என்று மூன்று வரி தமிழில் போடுங்கள். மாமி போன்றவர்கள் தங்கள் பில்லைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது போதும். கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப் பள்ளிகளும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒரு மேசை போட்டு, ஏ லெவல் படிக்கிற இரண்டு பிள்ளைகளை இருத்தினால், எத்தனையோ பிஸ்கட் டின்கள் திறபடும். எங்கள் பக்கத்தில் யாராவது மேசை போட்டால் சனிக்கிழமைகளில் நானும் வருகிறேன்.

638 பவுண்ஸ் மாமியின் கணக்குக்குப் போன வியாழக்கிழமை வந்தது. நேற்றுப் பின்னேரம் போனேன். வீடு சூடாக இருந்தது. மாமி தானே ரோச் லைற்றோடு அடைப்புக்குள் குனிந்து, இந்த மாதத்து இலக்கத்தைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ரேய்னர்ஸ் லேன், ஹாரோ