உம்மாவோடு மக்காவுக்குக் கிளம்பும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று போனில் நீ கேட்டாய், "ராத்தா, மதீனாவிலிருந்து மக்காவுக்கு ரயில் இருக்கும்போது டாக்ஸி எதுக்கு?" என்று. உலையை வைத்துவிட்டு வந்ததால் ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ராத்திரி படுத்தபிறகும் அதே நினைப்புதான். 72 வயதில் உம்மாவுக்குக் கிடைத்திருக்கும் முதல் உம்ரா (ஹஜ் அல்லாத நாட்களிலும் செய்கிற மக்கா யாத்திரை) இது. அதனால் உட்கார்ந்து முழுசாகவே எழுதுகிறேன். நம்மூரில் இப்போது குரூப்பில் சேராமல், தாங்களே விசா எடுத்துப் பெற்றவர்களை அழைத்துப் போகிற பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அவர்களுக்கும் ஆகட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் ரயில். ஹரமைன் ரயில் 2018-ல் ஓட ஆரம்பித்தது. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம், இரண்டரை மணி நேரத்துக்குள் மக்கா. போன வருஷம் நானும் உன் மச்சானும் அதில்தான் போனோம். சுத்தமான ரயில், குலுக்கல் கிடையாது. நீ தனியாகப் போனால் ரயிலிலேயே போ என்பேன். ஆனால் உம்மாவின் முழங்காலை நினைத்துப் பார். மதீனா ஸ்டேஷன் ஹரத்துக்கு, அதாவது பெரிய பள்ளிக்கு, பக்கத்தில் இல்லை, மக்கா ஸ்டேஷன் ருஸைஃபாவில் இருக்கிறது. இரண்டு பக்கமும் டாக்ஸி எடுத்தே ஆக வேண்டும். பெட்டி, வீல்சேர், ஸ்கேனர், எஸ்கலேட்டர் எல்லாம் தாண்டி, குறிப்பிட்ட நேரத்துக்குள் பெட்டிக்குள் ஏறியாக வேண்டும். இதையெல்லாம்கூட சமாளித்துவிடலாம். நான் டாக்ஸி என்று சொல்வதற்குக் காரணம் வேறு. ரயில் மீக்காத்தில் நிற்காது. மீக்காத் என்றால் மக்கா போகிறவர்கள் இஹ்ராம், அதாவது உம்ராவுக்கான உடுப்பும் கட்டுப்பாடும், ஏற்றுக்கொள்கிற எல்லை.

மதீனாவிலிருந்து மக்காவுக்கு 450 கிலோமீட்டர். அதில் முதல் பத்துக் கிலோமீட்டரிலேயே துல் ஹுலைஃபா வந்துவிடும். டிரைவர்கள் அபியார் அலி என்பார்கள், நீயும் அப்படியே சொல். மீக்காத்களிலேயே மக்காவுக்கு மிகத் தூரமானது அதுதான். ரஸூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஹிஜ்ரி 10-ல் கடைசி ஹஜ்ஜுக்குக் கிளம்பியபோது இஹ்ராம் கட்டிய இடம். அங்கே நிழல் தந்த மரத்தின் பெயரால் மஸ்ஜிதுஷ் ஷஜரா என்று பெரிய பள்ளி இருக்கிறது. பெண்களுக்குத் தனி இடம், வரிசை வரிசையாகக் குளியலறை, வெளியே இஹ்ராம் துணி விற்கிற கடைகள், வண்டி நிறுத்த விசாலமான இடம் எல்லாம் உண்டு. ரயிலில் போகிறவர்கள் அறையிலேயே குளித்து, உடுத்தி, தொழுதுவிட்டு வண்டி மீக்காத்தைக் கடப்பதற்குள் நிய்யத் (உம்ரா செய்கிறேன் என்ற மன உறுதி) வைத்துக்கொள்வார்கள். அதுவும் கூடும். நாங்களும் போன வருஷம் அப்படித்தான் செய்தோம். ஆனால் உம்மா இத்தனை வருஷம் காத்திருந்து, அந்தப் பள்ளியில் இரண்டு ரக்அத் தொழாமல் ஜன்னல் வழியே கடந்து போக வேண்டாம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு மாமிதான் காரணம். உனக்கு இந்தக் கதை முழுசாகத் தெரியாது.

2012-ல் நாங்கள் ஜித்தாவுக்குப் போன புதிது. மச்சானிடம் கார் இல்லை. மாமி உம்ராவுக்கு வந்திருந்தார்கள். மதீனாவில் ஜியாரத்தை முடித்துவிட்டு வெளியே வந்தால், ரோட்டோரத்தில் "மக்கா, மக்கா, நஃபர், நஃபர்" என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றார்கள். மச்சான் ஒருவரிடம் விலை கேட்டார், அவர் 150 என்றார். பரவாயில்லையே என்று ஏறிவிட்டோம். அபியார் அலியில் நிறுத்தினார். பதினைந்து நிமிஷத்தில் ஹார்ன் அடிக்க ஆரம்பித்துவிட்டார். மாமிக்கு நடை மெதுவு. உளூ செய்யும் இடத்திலிருந்து பள்ளிக்குள் போவதற்குள் மச்சானின் போன் மூன்று தடவை அடித்துவிட்டது. மாமி பயந்துபோய், "வேணாம்மா, வா, வண்டியிலேயே நிய்யத் வச்சுக்கலாம்" என்று திரும்பிவிட்டார்கள். உம்ராவில் குறையொன்றும் இல்லை, நிய்யத் கூடிவிட்டது. ஆனால் ஊருக்கு வந்த பிறகும் அவர்கள் அந்தத் தொழாத இரண்டு ரக்அத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு வருஷம் முன்னால் மவுத்தாகிற வரைக்கும்.

மக்காவில் இறங்கியதும் அந்த டிரைவர் 450 கேட்டார். நஃபர் என்றால் தலைக்கு இவ்வளவு என்று அர்த்தம். மூன்று பேர், மூன்று 150. மச்சான் வாயைத் திறக்கவில்லை, எடுத்துக் கொடுத்துவிட்டார். இஹ்ராமில் இருக்கிறோமே! ஹஜ்ஜில் தர்க்கம் கூடாது என்று குர்ஆனில் (2:197) வருகிறது. உம்ராவுக்கு இஹ்ராம் கட்டினவனுக்கும் அந்த அடக்கம் வேண்டும்தானே. அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது: அந்த ரோட்டில் நிய்யத் வைத்த பிறகு பேரம் பேச நமக்கு வாய் கிடையாது. பேசவேண்டிய அத்தனையையும் மதீனாவில், சாதாரண உடுப்பில் இருக்கும்போதே பேசி முடித்துவிட வேண்டும்.

அதனால் முந்தின நாளே பேசு. பெட்டிகள் டிக்கிக்குள் போகிறதற்கு முன்னால் என்பதுகூட தாமதம்தான். வண்டிக்கு மொத்தமா, நஃபருக்கா என்பதுதான் முதல் கேள்வி. மொத்தம் என்றால் வழியில் வேறு ஆளை ஏற்றக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு. அப்புறம், அபியார் அலியில் ஒரு மணி நேரம் நிற்கவேண்டும், உம்மாவுக்கு நடக்க முடியாது என்று சொல். பத்து நிமிஷம் போதும் என்று சொல்கிற ஆள் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் வேண்டாம், விட்டுவிடு. வழியில் கழிவறைக்கும் தொழுகைக்கும் இரண்டு இடத்திலாவது நிறுத்தச் சொல். மக்காவில் ஓட்டல் வாசல் வரைக்கும் வருவாரா, எங்காவது முனையில் இறக்கிவிடுவாரா என்றும் கேள். எல்லாம் பேசி முடித்ததும் "ஆகிர் கலாம்?" என்று கேட்டுக்கொள். அதுதான் கடைசிப் பேச்சு, அதற்கு மேல் ஏறாது, இறங்காது. தொகையை போனில் தட்டிக் காட்டி உறுதிப்படுத்து. முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்துவிடாதே. இறங்கியதும் உடனே கொடு, சில்லறை நோட்டாக வைத்துக்கொள். வேலைக்காரரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுங்கள் என்ற ஹதீஸ் உனக்கும் தெரியும்.

ரோட்டில் கூவிக் கூப்பிடுகிற சொந்தக் கார்காரர்களிடம் போகாதே. உரிமம் இல்லாமல் ஆள் ஏற்றுவது அங்கே சட்டப்படி குற்றம். வழியில் சோதனையில் மாட்டினால் அபராதம் அவருக்கு என்றாலும், இஹ்ராமோடு நடுரோட்டில் நிற்கப்போவது உம்மாதான். ஓட்டல் ரிசப்ஷனில் சொல்லி உரிமம் உள்ள கம்பெனி வண்டி எடுக்கலாம், இல்லையென்றால் ஊபர், கரீம் ஆப்பில் எடுக்கலாம். ஆப்பில் எடுத்தாலும் மீக்காத் விஷயத்தை மெசேஜில் எழுதிக் கேட்டுக்கொள். எழுத்தில் இருப்பது நல்லது. நீ, உன் வீட்டுக்காரி, பிள்ளை, உம்மா, மூன்று பெரிய பெட்டி, ஒரு வீல்சேர். கேம்ரி போதாது, டிக்கியில் வீல்சேர் ஏறினால் பெட்டி ஏறாது. ஸ்டாரியா மாதிரி வேன் எடு. கூட ஆகிற ரியாலை நான் தருகிறேன், அதில் சிக்கனம் பார்க்காதே.

எல்லா டிரைவரும் அப்படி என்று நினைத்துவிடாதே. 2016-ல் பிள்ளைகளோடு போனபோது பாகிஸ்தான்காரர் ஒரு பெரியவர் வந்தார். அபியார் அலியில் வண்டியை நிறுத்திவிட்டு, "பொறுமையா தொழுதுட்டு வாங்க, நான் இங்கேயேதான் இருப்பேன்" என்று உருதுவில் சொன்னார். கிளம்பியதும் பிள்ளைகள் தல்பியாவை, இஹ்ராமில் ஓதிக்கொண்டே போகிற வாசகத்தை, தடுமாறிச் சொன்னார்கள். அவர் இஹ்ராமில் இல்லை, ஆனாலும் கண்ணாடியில் அவர்களைப் பார்த்து ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். லப்பைக் அல்லாஹும்ம லப்பைக். அந்த ஐந்து மணி நேரத்தில் என் சின்னவன் தல்பியாவை மனப்பாடம் செய்துவிட்டான்.

அன்றைக்குத்தான் எனக்கு ரஸூலுல்லாஹ் மக்காவை விட்டு மதீனாவுக்குப் போன ஹிஜ்ரத்தின் நினைப்பு வந்தது. அந்தப் பயணத்துக்கே ரஸூலுல்லாஹ்வும் அபூபக்ர் ரலியல்லாஹு அன்ஹு அவர்களும் கூலிக்கு ஓர் ஆளை அமர்த்தினார்களே! அப்துல்லாஹ் இப்னு உரைகித். முஸ்லிமாகக்கூட இல்லாதவர், ஆனால் பாலைவன வழி அத்துப்படி, நம்பிக்கையானவர். இரண்டு ஒட்டகங்களையும் அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவு கழித்து தவ்ர் குகைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள், சொன்னபடி வந்தார். புகாரியில், கூலிக்கு அமர்த்துவதைப் பற்றிய பாடத்தில் இந்த ஹதீஸ் வருகிறது. எந்த ஆள், எந்த இடம், எந்த நேரம் எல்லாம் முன்கூட்டியே பேசப்பட்டிருக்கிறது, பார். உயிரே ஆபத்தில் இருந்த நேரத்தில்! ஆளை நம்பினார்கள், ஆனாலும் எதையும் பேசாமல் விடவில்லை. நாமும் டிரைவரிடம் தெளிவாகப் பேசுவதைச் சந்தேகப்படுவது மாதிரி நினைத்துக் கூச்சப்பட வேண்டாம்.

நேரம் பற்றிச் சொல்கிறேன். ராத்திரி இஷா தொழுகைக்கு மேல் கிளம்பாதே. சில டிரைவர்கள் காலையில் மக்காவிலிருந்து ஆள் ஏற்றி வந்து, தூங்காமல் அதே ராத்திரி திரும்புவார்கள். நீளமான நேர் ரோடு, கண் சொக்கிவிடும். வண்டியில் ஏறியதும் நீ முன்சீட்டில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே வா. கண் சொக்குவது தெரிந்தால் அடுத்த மஹத்தாவில் நிறுத்தி டீ குடிக்கச் சொல். மஹத்தா என்றால் பெட்ரோல் பங்க். பெரிய மஹத்தாவில் பள்ளியும் கழிவறையும் கடையும் இருக்கும். காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் அபியார் அலியில் நிதானமாக எல்லாம் முடித்து, வழியில் நாம் ஷாஃபி முறைப்படி லுஹரையும் அஸரையும் ஜம்உ, கஸ்ர் செய்து, அதாவது இரண்டு தொழுகையையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதுகொண்டு, நாலு மணி வாக்கில் மக்கா போய்விடலாம். ஓட்டல்களிலும் பெரும்பாலும் அந்த நேரத்துக்குத்தான் அறை தருவார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். மதீனா பள்ளிக்குள் இருக்கிற ரவ்ளாவுக்குப் போக, அனுமதி தருகிற நுசுக் ஆப்பில் உனக்கு எந்த நேரம் கிடைக்கிறதோ அதைப் பார்த்துவிட்டு டாக்ஸி நாளை முடிவு செய். டாக்ஸிக்காக ரவ்ளா தவறிவிடக் கூடாது.

உம்மா பத்ருப் போர் நடந்த இடத்தைப் பார்க்கக் கேட்பார்கள், எனக்குத் தெரியும். ரமளான் 17-ல் நம் வீட்டில் பத்ரு ஸஹாபாக்கள் 313 பேரின் பெயரை ஓதாத வருஷம் உண்டா? டிரைவரும் "பத்ரு ஜியாரத் போகலாம், கொஞ்சம் கூடக் கொடுங்க" என்பார். பத்ரு மதீனாவிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர், இப்போதைய ஹைவேயை விட்டு விலகிப் போக வேண்டும். இஹ்ராமில் இருக்கிற வயதானவர்களை மக்கா போகிற அன்றே அந்தப் பக்கமும் சுற்ற வைக்காதே. மதீனாவில் இருக்கும்போதே ஒருநாள் காலையில் தனியாக அழைத்துப் போய்வா. அந்தப் போரில் உயிர்நீத்த 14 ஷுஹதாக்கள் அடங்கியிருக்கிற இடத்தை வெளியிலிருந்து பார்க்கலாம், பக்கத்தில் மஸ்ஜிதுல் அரீஷ் இருக்கிறது. உஹத், குபா, கிப்லதைன் எல்லாம் ஊருக்குள்ளேயே ஓர் அரைநாளில் முடிந்துவிடும்.

மக்காவை நெருங்கும்போது நவாரிய்யா என்று ஓரிடம் வரும். அங்கேதான் ரோட்டோரமாக ரஸூலுல்லாஹ்வின் மனைவி அன்னை மைமூனா ரலியல்லாஹு அன்ஹா அவர்களின் கப்ர் இருக்கிறது. பழைய பெயர் ஸரிஃப். மணமுடித்து வந்ததும் அங்கே, மவுத்தானதும் அங்கேயே. டிரைவரிடம் முன்னாலேயே கேட்டு வைத்தால் காட்டுவார். உம்மாவை ஸலாம் சொல்லச் சொல். அதற்குப் பிறகு தன்ஈம், அப்புறம் ஊர். ஹரத்தைச் சுற்றித் தொழுகை நேரத்தில் ரோட்டை அடைத்துவிடுவார்கள். அப்படி மாட்டினால் டிரைவரைக் கோபிக்காதே, அவர் கையில் இல்லை. வீல்சேரைக் கையெட்டும் இடத்தில் வை. அறைக்குப் போய் உம்மாவைச் சாப்பிட வைத்துத் தூங்க விடு. போன உடனே உம்ரா செய்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இஹ்ராமிலேயே இருந்துகொண்டு, பின்னிரவில் தஹஜ்ஜுத் நேரத்தில் கூட்டிக்கொண்டு போ.

வண்டி ஏறியதும் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. அபியார் அலியில் இறங்கியதும் ஒரு போன் பண்ணு, எந்த நேரமானாலும் எடுப்பேன். உம்மா அந்தப் பள்ளியில் தொழுது முடித்ததும், மாமிக்காக ஒரு துஆ செய்யச் சொல்.

உன் ராத்தா.

பின்குறிப்பு: சில டிரைவர்கள் மரியாதைக்காக வழியில் அத்தர் நீட்டுவார்கள், வாசனை டிஷ்யூவும் தருவார்கள். நிய்யத் வைத்த பிறகு வாங்கிப் பூசிவிடாதீர்கள், பிள்ளையையும் பார்த்துக்கொள். வாசனையில்லாத சோப்பும் டிஷ்யூவும் இங்கிருந்தே வாங்கிக் கைப்பையில் வைத்திருக்கிறேன். நாளைக்கு வந்து எடுத்துக்கொள்.