'மெட்டா'வுக்கு விரிவாக்கம் கிடையாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆன்லைன் கேம் ஆடுபவர்களின் பேச்சு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், 'மெட்டா' (இப்போதைக்கு ஜெயிக்க வைக்கும் சிறந்த ஆட்ட உத்தி) என்பது 'மோஸ்ட் எஃபெக்டிவ் டாக்டிக் அவைலபிள்' என்பதன் சுருக்கம் என்று இருந்தது. தப்பு. அது 'மெட்டாகேம்' என்ற சொல்லின் முன்பாதி, கிரேக்க முன்னொட்டு, அவ்வளவுதான். விரிவாக்கம் பிற்பாடு ஒட்டவைத்தது. 'நியூஸ்' என்றால் நான்கு திசைகளின் முதலெழுத்து என்று சொல்லித் திரிவோமே, அதே ரகம்.

'ப்ராக்' கதையும் இப்படித்தான். வாளை வீசும்போது திடீரென்று கூடுதல் விளைவு ஒன்று கிளம்பினால் 'ப்ராக் ஆச்சு' என்போம். இதற்கும் யாரோ 'ப்ரோகிராம்டு ரேண்டம் அக்கரன்ஸ்' என்று அழகாக விரித்துவிட்டார்கள். உண்மையில் எழுத்திலேயே ஆடிய பழைய 'மட்' விளையாட்டுகளின் நிரலில் ஸ்பெஷல் ப்ரொசீஜரைச் சுருக்கி 'ஸ்பெக் ப்ராக்' என்று எழுதுவார்கள், அதன் வால்தான் இது. கேமில் கணினி நடமாட விடும் மிருகம், அசுரன் வகையறாவை 'மாப்' என்போம். அதற்குக் கும்பல் என்று பொருள் என்று நினைத்தால் தனியாக நிற்கும் ஓநாயையும் ஏன் மாப் என்கிறோம்? 1978-ல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த முதல் மட்டில், தானாக நடமாடுபவற்றுக்கு 'மொபைல்' என்று பெயர். அது தேய்ந்து மாப் ஆனது.

நிஜக் கதைகள் பெரும்பாலும் இப்படிச் சில்லறைத்தனமாகத்தான் இருக்கும். 1996 வாக்கில் வார்கிராஃப்ட் 2 கேமில் இரண்டு கில்லாடிகளோடு மோத ஆளே வரவில்லை, அதனால் பாப்பாஸ்மர்ஃப், ஸ்மர்ஃபெட் என்று பெயரை மாற்றிக்கொண்டு கத்துக்குட்டிகள் மாதிரி வந்து உட்கார்ந்தார்கள், இன்றைக்கு அந்த வேலைக்கே 'ஸ்மர்ஃப்' என்று பெயர். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் ஹோர்டு அணிக்காரர் 'லோல்' என்று அடித்தால் எதிரணித் திரையில் 'கெக்' என்று விழும். சிரிப்பே மாறிப்போனது!

அப்புறம், எதிரியைத் துவைத்தெடுப்பதைச் சொல்லும் 'ஓன்' (own) என்பது 'போன்' (pwn) ஆனதை, கேமின் மேப்பை வடிவமைத்த ஒரே ஒரு வரைபடக்காரரின் தட்டச்சுப் பிழை என்று அடித்துச் சொல்கிறீர்கள். கீபோர்டைப் பாருங்கள், ஓவும் பியும் ஒட்டி நிற்கின்றன. அவசரத்தில் எந்த விரலும் வழுக்கும், ஒரே நாளில் பத்துப் பேருக்குக்கூட வழுக்கியிருக்கும். திருத்தம் போடுவதானால் அந்த வரைபடக்காரரையும் விட்டுவிடுங்கள், பாவம்.

இப்படிக்கு,
ராத்திரி ரெண்டு மணி வரை ஆடும் வாசகன்