ஓடாவி ஐயாவுக்கும், குளத்தங்கரைக்கு ஓடி வந்தவர்களுக்கும்

அன்புள்ள பெற்றோருக்கும் ஊர் மக்களுக்கும்,

எங்கள் பள்ளிப் பிள்ளைகள் செய்த படகு சனிக்கிழமை இருவரோடு குளத்தில் கவிழ்ந்ததை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் இருவரும் நலம். நேற்றுக் காலை என் இயற்பியல் வகுப்பில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு எழுதக் கை வந்தது.

சத்தம் கேட்டதும் சட்டையோடு குதித்த தம்பிகள், லைஃப் ஜாக்கெட் தந்து "இதைப் போடாமல் யாரையும் ஏற்றாதீர்கள்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்த மீனவ அண்ணன்கள், துண்டும் சுக்குக் காப்பியுமாக வந்த தெருப் பெண்கள், ஒரு வார்த்தை கடிந்து பேசாத பெற்றோர், படகு வேலையை நிறுத்தச் சொல்லாத தலைமையாசிரியர், உங்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

நாகையில் படகு கட்டும் ஓடாவி அவர். ஞாயிறு காலை, யாரும் கூப்பிடாமலே பள்ளிக்கு வந்தார். படகு வராந்தாவில் கவிழ்ந்து கிடந்தது. செய்த பிள்ளைகள் அதைத் தொட மனமில்லாமல் தள்ளி நின்றார்கள். அவர் எதையும் கேட்கவில்லை. குந்தி உட்கார்ந்து, ப்ளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து எபாக்சி பசை பூசியிருந்த மூட்டின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து, முன்மூக்கிலிருந்து பின்மூலை வரை மெல்ல இழுத்துக்கொண்டே போனார். "எங்கயும் ஒழுகாது. மூட்டு நல்லா பிடிச்சிருக்கு. யாரு ஒட்டுனது?" என்றார். தண்ணீரில் விழுந்த மாணவிதான் ஒட்டியவள். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது.

அப்புறம் படகை நிமிர்த்தி, உட்காரும் பலகையைத் தட்டினார். "இது உசரம் பாப்பா. கழட்டிட்டுத் தரையில உட்காருங்க." ஸ்க்ரூடிரைவரை அவள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

இரவு கணக்குப் போட்டேன். நீளம் 2.4 மீட்டர், அகலம் 60 செ.மீ., இரண்டு பேரோடு எடை 120 கிலோ. இந்தப் பெட்டிப் படகு 8 செ.மீ. அளவுக்கு அமிழும், மெட்டாசென்டர் அடித்தட்டிலிருந்து ஏறக்குறைய 40 செ.மீ. உயரத்தில் வரும். ஈர்ப்பு மையம் இந்தப் புள்ளிக்குக் கீழே இருந்தால்தான் படகு நிமிர்ந்து நிற்கும். 30 செ.மீ. பலகையில் இருவரும் உட்கார்ந்தால் ஈர்ப்பு மையம் 45 செ.மீ.க்கு ஏறிவிடுகிறது. கவிழாமல் என்ன செய்யும்? தரையில் உட்கார்ந்தால் அது 24 தான். எனக்கு அரை மணி நேரம் பிடித்த கணக்கு, அவருக்கு ஒரு தட்டு.

ஸ்வீடனின் வாசா கப்பலை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறேன். புறப்படும் முன் 30 பேரைத் தளத்தில் குறுக்கும் நெடுக்கும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஆட்டம் பயங்கரமாக இருக்கவே சோதனையை நிறுத்தினார்கள். ஆனாலும் 1628 ஆகஸ்ட் 10 அன்று கப்பலை எடுத்தார்கள். ஒன்றரை கிலோமீட்டர்கூடப் போகவில்லை, மூழ்கியது. இதைப் பாடமாகச் சொல்லும் நான் அந்தச் சோதனையைக்கூடச் செய்யாமல் பிள்ளைகளை ஏற்றினேன். இனி எங்கள் படகில் முதலில் ஏறுவது மணல் மூட்டைதான். மூட்டையை நகர்த்தி, தூக்குக்குண்டு கட்டி, எத்தனை பாகை சாய்கிறது என்று பிள்ளைகள் நோட்டில் எழுதிக் காட்டிய பிறகே ஆள் ஏறும். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

கூலி கேட்டதற்கு ஓடாவி ஐயா, "மேல பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்க, இந்தப் பசை வெயிலுக்குத் தாங்காது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நேற்று மாலை அடித்து முடித்துவிட்டார்கள் ஐயா. நீல நிறம். காய்ந்ததும் சொல்லி அனுப்புகிறோம், வந்து பாருங்கள்.