மூடிக் கிடக்கும் நேர்சரி வளாகத்தை மருத்துவத் தேவையுள்ள மாணவர்களுக்குத் தருமாறு கோரும் மனு

அனுப்புநர்:
உடல்நலக் காரணங்களால் பாடசாலை செல்ல இயலாத மாணவர்களின் பெற்றோர்

பெறுநர்:
சிறுவர் சேவைகள் பணிப்பாளர் அவர்கள்,
கவுன்சில் அலுவலகம்

பொருள்: மூடப்பட்ட கவுன்சில் நேர்சரியை மருத்துவத் தேவையுள்ள மாணவர்களின் கற்கை நிலையமாக மாற்றுதல்

மதிப்புக்குரிய பணிப்பாளர் அவர்களுக்கு வணக்கம்.

பூங்காவை ஒட்டிய, கவுன்சிலின் குழந்தைப் பராமரிப்பு நேர்சரி மூடப்பட்டதிலிருந்து அந்தக் கட்டடம் பூட்டியே கிடக்கிறது. அதை விற்பதா, வைத்திருப்பதா என்று கவுன்சில் யோசித்து வருவதாக அறிகிறோம். தயவுசெய்து விற்க வேண்டாம். நோயினால் வகுப்பறைக்குப் போக முடியாமல் இருக்கும் எங்கள் பிள்ளைகள் படிக்கும் இடமாக அதை மாற்றித் தாருங்கள்.

வாரத்தில் சில நாட்கள் டயாலிசிஸ் செய்துகொள்ளும் பிள்ளை, கீமோ முடிந்தும் நோய் எதிர்ப்புச் சக்தி இன்னும் திரும்பாத பிள்ளை, கடும் பதற்றத்தால் பாடசாலை வாசலைத் தாண்ட முடியாத பிள்ளை என்று எங்களுக்குள் பலவிதம் உண்டு. இவர்களில் பலரால் ஒரு நாளில் இரண்டு மூன்று மணி நேரம் நன்றாகவே படிக்க முடியும். பெரிய கூட்டத்துக்குள் மாடிக்கு மாடி ஏறி இறங்கி வகுப்பு மாறுவதுதான் முடியாத காரியம்.

இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, நோயினால் பாடசாலை செல்ல முடியாத பிள்ளைக்குத் தகுந்த கல்வியை ஏற்பாடு செய்யும் கடமையைக் கவுன்சிலிடமே தந்திருக்கிறது. ஒரு பிள்ளை 15 பாடசாலை நாட்களோ அதற்கு மேலோ வர முடியாது என்று தெரிந்தவுடன் ஏற்பாடு தொடங்க வேண்டும் என்பது கல்வித் திணைக்களத்தின் வழிகாட்டல். விட்டு விட்டு வராத நாட்களும் இந்தக் கணக்கில் சேரும். கவுன்சில் ஒன்றுமே செய்யவில்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு ஆசிரியர் வருகிறார். அக்கறையாகவும் சொல்லித் தருகிறார். ஆனால் பாடம் நடப்பது சாப்பாட்டு மேசையில். பதினாறு வயதளவில் எழுதும் ஜி.சி.எஸ்.ஈ பொதுத் தேர்வுக்கு இரசாயனவியல் படிக்கும் பிள்ளைக்கு, அமிலத்தை அளந்து விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டை அவர் தாளில் வரைந்து, "இந்தக் கோடு வரை அமிலம் இருக்கிறதென்று வைத்துக்கொள்" என்கிறார். அதற்கு மேல் அவரால்தான் என்ன செய்ய முடியும்? தன் வயதில் இன்னொரு முகத்தைப் பார்க்காமலே பிள்ளைக்கு ஒரு தவணை முழுக்கப் போய்விடுகிறது.

அந்த நேர்சரிக் கட்டடத்தை நாங்கள் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அது ஒரே தளம். வாசலில் படி கிடையாது. தள்ளுவண்டிக்கென்று அகலமாக வைத்த கதவு சக்கர நாற்காலிக்கும் போதும். கார் வாசல் வரை வரும். குழந்தைகள் தூங்கிய அறை, களைத்துப்போகும் பிள்ளை அரை மணி நேரம் படுத்தெழ உதவும். பால் போத்தல் வைத்த குளிர்சாதனப் பெட்டி இருந்த இடத்தில், இன்சுலின் வைக்க ஒரு பெட்டியைப் பூட்டுடன் வைக்கலாம். எல்லா அறைகளும் தோட்டத்தைப் பார்த்துத் திறக்கின்றன. தொற்றுக்குப் பயப்படும் பிள்ளைக்குக் காற்றோட்டம் ஒரு வசதி மட்டுமல்ல, மருந்து மாதிரி.

மாற்ற வேண்டியவையும் உண்டு. கைகழுவும் தொட்டிகள் முழங்கால் உயரத்தில் இருக்கின்றன, கழிப்பறைகளும் அப்படியே. பிறகு, வாத்துப் படம் ஒட்டிய கோட்டுக் கொக்கிகளை முதல் வேலையாகக் கழற்றிவிடுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளையைக் குழந்தைபோல நடத்தினால், இரண்டாம் நாள் அவன் வரமாட்டான்.

மறுபக்கத்தையும் நாங்கள் அறிவோம். 2025 செப்டம்பரில் இருந்து, தகுதியுள்ள, வேலை செய்யும் பெற்றோரின் ஒன்பது மாதக் குழந்தைக்கும் பாடசாலைத் தவணை வாரங்களில் 30 மணி நேரப் பராமரிப்பு அரசு செலவில் உண்டு என்று ஆகிவிட்டது. போதிய குழந்தைப் பராமரிப்பு இடங்களை உறுதி செய்யும் பொறுப்பும் 2006ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்புச் சட்டப்படி, இயன்ற அளவுக்கு, உங்களுடையதே. இந்தப் பகுதியில் நேர்சரி இடம் உண்மையிலேயே போதாது என்றால் அதை நேர்சரியாகவே திறவுங்கள். நாங்கள் வேறு இடம் கேட்போம். அப்படியில்லாமல் வீடு கட்டுவோருக்கு விற்பதென்றால்தான் எங்களால் ஏற்க முடியாது. அந்த நிலத்தை விற்றுவிட்டால், இப்படியொரு ஒற்றைத்தளக் கட்டடத்தைக் கவுன்சில் மறுபடி வாங்க எத்தனை மடங்கு செலவாகும் என்று நிதிப் பிரிவினரை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கட்டடங்களுக்கான திட்டமிடல் விதிகளில் நேர்சரி ஒரு பயன்பாட்டு வகையிலும் பாடசாலை இன்னொரு வகையிலும் வருவதால், பயன்பாட்டை மாற்றுவதற்குரிய நடைமுறை இருக்கும். அது தெரிந்த விஷயம்தான். அதையே தாமதத்துக்குக் காரணமாக்க வேண்டாம். கட்டடம் மட்டும் போதாது என்பதும் தெரியும். தாதி ஒருவர், பாட ஆசிரியர்கள், போக்குவரத்து, சின்னதாக ஒரு அறிவியல் கூடம் எல்லாம் வேண்டும். பிள்ளையின் பெயர் சொந்தப் பாடசாலையின் பதிவேட்டிலேயே இருக்கட்டும்; உடம்பு தேறியதும் அங்கே திரும்பிப் போவதுதான் எங்கள் எல்லோருடைய விருப்பமும்.

ஆகவே, முடிவு எடுக்கும் வரை அந்த வளாகத்தை விற்பனைப் பட்டியலில் சேர்க்காமல் நிறுத்தி வையுங்கள். மாற்றுவதற்கான சாத்திய ஆய்வைத் தொடங்கி, அதில் வைத்தியசாலைப் பாடசாலை ஆசிரியர்களையும் பெற்றோரையும், முக்கியமாக மாணவர்களையும் பேச விடுங்கள். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவின்படி, இந்த முடிவு மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை எப்படிப் பாதிக்கும் என்று பரிசீலித்ததையும் எழுத்தில் தாருங்கள். கட்டடத்தை நேரில் பார்க்க ஒரு நாள் சொன்னால், நாங்களும் வந்து எந்தச் சுவர் எதற்கு என்று காட்டுகிறோம். பிள்ளைகளின் மருத்துவ நேரங்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், பிற்பகலாக இருந்தால் நல்லது.

கையொப்பப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
பெற்றோர் சார்பில்