நாலு வரி நிரூபணம் பற்றி, மகளுக்கு

அன்புள்ள அம்மாடி,

ஞாயிற்றுக்கிழமை போனில் "கடவுள் இருக்கிறார்னு நாலே வரியில நிரூபிச்சிருக்காங்கப்பா" என்று மூச்சு வாங்கச் சொன்னாய். பஸ்ஸில் இருந்ததால் சரியாகப் பேச முடியவில்லை. நாலு நாளாக அதே யோசனைதான்.

அது ஆன்செல்ம் என்ற கிறிஸ்தவத் துறவி 1077-78 வாக்கில் பிரான்ஸில் உள்ள நார்மண்டியில், பெக் மடத்தில் இருந்தபோது எழுதிய வாதம். எதைவிடப் பெரியதை நினைக்கவே முடியாதோ அதுவே கடவுள். இதைக் கேட்டால் புரிகிறது, ஆக அது நம் மனசிலாவது இருக்கிறது. அது மனசில் மட்டும் இருந்தால், நிஜத்திலும் இருப்பது அதைவிடப் பெரியதாகிவிடும். ஆகவே அது நிஜத்திலும் இருந்தாக வேண்டும். முதல் தடவை படித்தபோது எனக்கும் சிலிர்த்தது.

உடனே மறுத்தவரும் ஒரு துறவிதான், பெயர் கவுனிலோ. கடலில் எங்கோ ஒரு தீவு, அதைவிடச் செழிப்பான இடமே கிடையாது என்று ஒருவர் சொல்கிறார். சொன்னது புரிகிறது. 'புரிந்தால் தீவு இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நிஜமாக உள்ள ஏதோ ஒரு நிலம் அதைவிட உசத்தியாகிவிடும்' என்று அவர் மேலும் சொன்னால் யார் படகு எடுப்பார்கள்? ஆன்செல்ம் கோபப்படவில்லை. இந்த மறுப்பையும் தன் பதிலையும் தன் நூலோடு சேர்த்தே படியெடுக்கச் சொன்னார். அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடிக்கும். பின்னால் வந்த கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸும் இந்த வழியை ஏற்கவில்லை. அவர் வேறு வழிகளில் போனார்.

எனக்குத் தெளிவு தந்தவர் ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட். 1781இல் அவர் சொன்னது: 'இருப்பது' என்பது ஒரு பொருளின் குணங்களில் ஒன்று அல்ல. தாலர் என்பது அந்தக் கால ஜெர்மன் வெள்ளிக் காசு. நினைப்பில் உள்ள நூறு தாலரிலும் கையில் உள்ள நூறு தாலரிலும் காசு ஒன்றுகூடக் கூடவோ குறையவோ இல்லை. ஆனால் கையில் இருந்தால்தான் செலவுக்கு ஆகும். நூறு தாலர் என்றால் என்ன என்று எவ்வளவு விளக்கினாலும், அது இருக்கிறதா என்று பையைத்தான் தடவிப் பார்க்க வேண்டும்.

நீ வயிற்றில் இருந்தபோது, தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் உன் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பெண் குழந்தை, பாட்டியின் சுருட்டை முடி, இடது கன்னத்தில் குழி. அந்தத் தாள் இன்னும் பீரோவில் இருக்கிறது. இன்னும் நூறு வரி சேர்த்திருந்தாலும், நீ வரும்வரை தொட்டில் காலிதான்.

நான் சாமி கும்பிடுகிறவன், உனக்குத் தெரியும். உன் நம்பிக்கையைக் கலைக்க எழுதவில்லை. நாளைக்கு ஹாஸ்டலில் யாராவது அந்த வாதத்தின் மூன்றாவது வரியை உருவிவிட்டால், கடவுளே போய்விட்டார் என்று நீ உடைந்துவிடக் கூடாதே என்றுதான் கவலை.

தீபாவளிக்கு வரும்போது நீ இதைப் படித்த புத்தகத்தை எடுத்து வா. கவுனிலோ முழுசாக ஜெயித்துவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். எந்தத் தீவிலும் இன்னும் ஒரு மரம் நடலாம், அதற்கு முடிவில்லை; ஆன்செல்ம் சொன்ன ஒன்று அப்படிப்பட்டதல்ல. இதை உன்னோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

அன்புடன்,
அப்பா